ஏற்காட்டுப் பெரிய துரை பங்களா யாருடையது?

கேள்வி இதுதான்: "எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அங்கே 'பெரிய துரை பங்களா' என்று ஒன்று இருந்ததாம், பதினாறு அறையாம். போன மாதம் போய்ப் பார்த்தால் ஏழெட்டுக் கல்படியும் ஒரு புகைபோக்கியும்தான் நிற்கின்றன. யார் கட்டினார்கள், அப்புறம் யார் யார் கைக்குப் போனது, எப்படித் தெரிந்துகொள்வது?"

நான் நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி இழுத்தவன். அதில் பல வருஷம் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'பெரிய துரை' என்ற பெயரைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெயரை நம்பித் தேடப் போனவர்கள் பாதிப் பேர் தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். தோட்டத்தில் பெரிய துரை என்றால் மேனேஜர். அவருக்குக் கீழே இருப்பவர் சின்ன துரை. வெள்ளைக்காரர்கள் தங்கள் பேச்சிலேயே இந்தத் தமிழ்ச் சொல்லைச் சுருக்கி பி.டி., எஸ்.டி. என்று சொல்லிக்கொண்டார்கள். வால்பாறையில் இன்றைக்கும் 'சின்னதுரை பங்களா' என்ற பெயரிலேயே விருந்தினர் விடுதி நடக்கிறது. ஆக, உங்கள் அப்பிச்சி பார்த்த பெரிய துரை அந்த வீட்டில் குடியிருந்தவர். நிலம் அவர் பெயரில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். சொந்தக்காரர் சென்னையில் ஒரு கம்பெனியாகவோ, லண்டனில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் ஒரு விதவையாகவோகூட இருக்கலாம். கட்டியவர், குடியிருந்தவர், பத்திரத்தில் இருந்தவர் என்று மூன்று கேள்வியாகப் பிரித்துத் தேடினால்தான் எதுவும் பிடிபடும்.

கட்டியவர் என்று கேட்டால் ஏற்காட்டில் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: காக்பர்ன். மாண்டேகு டண்டாஸ் காக்பர்ன், 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். பேரிக்காய், லக்கோட்டா போன்ற பழமரங்களையும் அவர் கணக்கில்தான் எழுதுகிறார்கள். கிரேஞ்ச் என்ற வீடும் அவர் பெயரோடு ஒட்டியது. 1857 கலகத்தின்போது அந்த வீட்டுக் கூரையில் பீரங்கி ஏற்ற இடம் செய்தார்கள், ஆறு மாதத்துக்கான சாமானைக் கீழே பதுக்கினார்கள் என்று சுற்றுலா வருகிறவர்களுக்கு ஊரில் கதை சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த இடிந்த பங்களாவைக் காட்டினாலும் 'இதுவும் காக்பர்ன் துரை கட்டினது' என்று சொல்லும் பழக்கமும் அதே ஊரில் உண்டு. பதினாறு அறைப் பங்களா கலெக்டர் காலத்தது என்று யாராவது சொன்னால் சட்டென்று நம்ப வேண்டாம். 1820களில் மலைமேல் சாமான் ஏறியது மனிதர் தலையிலும் மட்டக்குதிரை முதுகிலும்தான். அந்தக் காலத்து வீடுகள் பெரும்பாலும் சின்ன வீடுகள்.

காக்பர்ன் குடும்பத்தைப் பற்றி இங்கே இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு நேரடிப் பதில் இல்லைதான். அவர் பிறகு கோத்தகிரிக்குப் போய்விட்டார். அங்கேயும் காப்பி வைத்தார். 1829-ல் சேலத்தில் பிறந்த அவர் மகள் மார்கரெட், கோத்தகிரியில் 1860களில் தேயிலை வைத்தவர்களில் முன்னோடி. அது மட்டுமில்லை, நீலகிரிப் பறவைகளை வரைந்தவர். அவர் வரைந்த படங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஏறத்தாழ நூறு வயது வாழ்ந்து 1928-ல் இறந்தார். நம் சேலத்தில் பிறந்த ஒரு பெண் இப்படி இருந்தார் என்று சேலத்தில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் ஆச்சரியம்.

சரி, பெரிய வீடுகள் எப்போது வந்தன? 1860களில் அரசாங்கம் மலைத் தரிசை ஏலம் விடும் விதிகளைக் கொண்டுவந்தது. அதே சமயத்தில் சேலம் வழியாக ரயில் ஓட ஆரம்பித்தது. காப்பி விலையும் நன்றாக இருந்தது. கீழே ஆத்தூர், ஓமலூர், தர்மபுரிப் பக்கத்திலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தார்கள். 'தரிசு' என்று காகிதத்தில் எழுதிய மலை ஒன்றும் வெறுமனே கிடக்கவில்லை. மலையாளிகள் சாமை, கேழ்வரகு விதைத்து மாடு மேய்த்த இடம் அது. (மலையாளி என்றதும் கேரளம் என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் கதையில் சொல்லிக்கொள்ளும் இந்த மலை மக்கள் தமிழ் பேசுகிறவர்கள். உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் அவர்கள் சாமி.) அவர்கள் வாய்க்கதையில் பங்களாவுக்கு முந்தைய பெயர் ஏதாவது ஒரு காட்டுக்கோ கரட்டுக்கோ இருக்கும். அந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பழைய நில அளவைப் படத்தில் இங்கிலீஷ் எஸ்டேட் பெயருக்குப் பக்கத்திலேயே அது அச்சாகியிருக்கும் வாய்ப்பு உண்டு. எனக்கே இரண்டு முறை அப்படித்தான் இடம் பிடிபட்டது.

வந்த வேகத்திலேயே அடியும் விழுந்தது. முதலில் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி. 1860களின் பிற்பகுதியில் குடகில் தோட்டம் தோட்டமாகச் செடியைக் காயவைத்தது. அப்புறம் இலைத்துரு நோய். 1869-ல் இலங்கையில் தெரிந்தது, அடுத்த சில வருஷங்களில் தென்னிந்தியா முழுக்கப் பரவியது. இலங்கை காப்பியையே கைவிட்டுத் தேயிலைக்கு மாறிவிட்டது. நீலகிரியிலும் பாதி மாறியது. ஏற்காடு தேயிலைக்குப் பெரிதாக மாறவில்லை, காப்பியோடே தட்டுத்தடுமாறி நின்றது. 1890களின் கடைசியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் கொட்டியபோது விலை சரிந்தது. போதாக்குறைக்கு 1906 அக்டோபரில் சென்னையில் வங்கித் தொழில் செய்த அர்பத்நாட் கம்பெனி திவாலானது. ஓய்வு பெற்ற வெள்ளைக்கார அதிகாரிகளிலிருந்து நம்மூர் வக்கீல்கள் வரை அதில் பணம் போட்டிருந்தார்கள். கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். அந்த வெறுப்பில்தான் அடுத்த வருஷம் இந்தியன் வங்கி பிறந்தது. உங்கள் பங்களாவின் பத்திரங்களில் 1906-க்குப் பின்னால் இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஒரு விற்பனையோ அடமானமோ தெரிந்தால் இந்த ஆண்டை மனதில் வைத்துப் படியுங்கள்.

இனி குடியிருந்தவர்கள். இது சுவாரசியமான பகுதி, ஏனென்றால் ஏற்காட்டு வீடுகளில் தோட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்களும் இருந்தார்கள். பல்லாவரத்தில் 1863-ல் கல்லாயுதம் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் புவியியலாளர் ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில்தான் குடியிருந்தார், வீட்டின் பெயர் ஐவி காட்டேஜ். மலையாளிகள் பிள்ளையார் கோயிலடியில் சாமிக்கல் என்று வைத்திருந்த மெருகேற்றிய கற்கோடரிகளை இங்கே இருந்துகொண்டு பதிவு செய்தார். அவருடைய நினைவுக்கல் ஏற்காட்டுத் திரித்துவ ஆலயக் கல்லறையில் இருக்கிறது. அவர் மாமனார் பீட்டர் பெர்சிவல் நமக்கு இன்னும் நெருக்கமானவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். அவர் 1882-ல் இறந்ததும் இதே ஏற்காட்டில்தான். ஆக, வீட்டில் இருந்தவர் பெயர் தெரிந்தவுடன் 'இவர்தான் எஸ்டேட் ஓனர்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாடகைக்கு வந்த பாதிரியாராக இருக்கலாம்.

குடியிருந்தவரைப் பிடிக்க மூன்று இடம் போதும். ஒன்று கல்லறைத் தோட்டம். சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளை ஜே.ஜே. காட்டன் 1905-ல் புத்தகமாகப் போட்டார். ஆனால் முக்கியம் என்று அவர் நினைத்ததைத்தான் எடுத்தார், சின்ன பிளாண்டர்கள் விடுபட்டிருப்பார்கள். நேரில் போய்ப் பாசியைத் துடைத்துப் படிப்பதுதான் வழி. இரண்டாவது, அசைலம் பிரஸ் அல்மனாக். வருஷா வருஷம் சென்னையில் அச்சான தடித்த புத்தகம். ஊர்வாரியாக வெள்ளைக்காரர்கள் பெயர், தோட்டங்களின் பெயர், யார் மேனேஜர் என்று போட்டிருக்கும். பல வருஷத்து அல்மனாக்குகள் இணையத்தில் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. ஐந்து வருஷத்துக்கு ஒன்றாகப் புரட்டினாலே பெயர் மாறும் இடம் தெரிந்துவிடும். மூன்றாவது, சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடு. தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் 'காப்பி பிளாண்டர்' என்று எழுதி, வசிக்கும் இடத்தில் எஸ்டேட் பெயரையே போடுவார்கள்.

பத்திரத்துக்கு வருவோம். இங்கேதான் பொறுமை வேண்டும். பத்திரப் பதிவுச் சட்டம் முதலில் வந்தது 1864-ல். ஆகவே அதற்குப் பிந்தைய கைமாற்றங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தடம் இருக்கும். கணினியில் வில்லங்கம் போட்டால் பெரும்பாலும் 1975-க்குப் பிறகானதுதான் வரும். அதற்கு முந்தையதற்குக் கையால் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும், வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். மனுவில் சர்வே எண்ணைச் சரியாகக் கொடுக்காவிட்டால் 'பதிவு ஏதும் இல்லை' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாளை நம்பி ஒருவர் என்னிடம் வந்து, "இந்த நிலத்துக்கு ஓனரே கிடையாதுங்க" என்றார். எண் மாறிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

எண் மாறுவதற்குக் காரணம் எங்கள் துறையேதான், மறைப்பானேன். 1979-ல் தொடங்கிய நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரில் எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்கிறார்களே அதில், எத்தனையோ கிராமங்களில் பழைய எண்ணும் உட்பிரிவும் மாறின. முதலில் இன்றைய எண்ணைக் கண்டுபிடியுங்கள், பிறகு பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் ஒப்பீட்டுப் பதிவேட்டைக் கேளுங்கள். அதன் பின் யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடு, அதாவது சர்வே எண்வாரியாக நிலத்தையும் பட்டாதாரரையும் எழுதிய கிராமக் கணக்கு. அதில் பட்டாதாரர் பெயரோடு குறிப்புக் கலத்தில் 'பங்களா', 'பல்பர் ஹவுஸ்' (காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இடம்), 'கூலி லைன்' என்று ஒரு சொல் கிடைத்தால் உங்களுக்கு யோகம். புலப்படத்தில், அதாவது அந்த சர்வே எண்ணின் அளவைப் படத்தில், கட்டடத்தைக் கோடு போட்டுக் காட்டியிருந்தால் அளவுகூட எடுக்கலாம், பதினாறு அறைக் கதை எவ்வளவு தூரம் நிஜம் என்று தெரிந்துவிடும். (என் கணிப்பு: ஆறு அறை. மீதி சமையல் கட்டு, குதிரை லாயம், பட்லர் வீடு.)

பத்திரத்தில் ஆள் பெயருக்குப் பதில் கம்பெனி பெயர் வந்தால் தேடல் மலையை விட்டுக் கீழே இறங்கும். கோயம்புத்தூருக்கு 1858-ல் பதினேழு வயதில் வந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் அங்கே காப்பி பதப்படுத்தும் ஆலையை நிறுவினார். மலையில் ஈரம் அதிகம், கொட்டையைச் சரியாகக் காயவைக்க முடியாது. பார்ச்மென்ட் தோலோடு மூட்டை கட்டிக் கோவையின் காய்ந்த காற்றுக்கு அனுப்புவார்கள். பதப்படுத்துகிற கம்பெனியே தோட்டத்துக்கு முன்பணம் கொடுப்பதும், கடன் ஏறிப்போனால் தோட்டமே அதன் கைக்கு வருவதும் அந்தத் தொழிலில் வழக்கம்தான். ஸ்டேன்ஸ் 1936 வரை, தொண்ணூற்றைந்து வயது வரை இருந்தார். பள்ளிக்கூடம், நூல் மில் எல்லாம் அவர் பெயரில் இன்றும் கோவையில் பேச்சில் இருக்கின்றன. மலையில் நடந்ததன் கணக்குப் புத்தகம் சமவெளியில் இருந்தது என்பதற்காகச் சொன்னேன்.

வெள்ளைக்காரர்கள் 1947-ல் ஒரே நாளில் பெட்டி கட்டிப் போய்விடவில்லை. கம்பெனித் தோட்டங்களில் 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டம் வந்து பங்குகளை இந்தியர்களுக்கு விற்கச் சொல்லும் வரை சிலர் இருந்தார்கள். ஏற்காடு மாதிரி தனி ஆட்களின் தோட்டங்களில் கைமாற்றம் முன்பே நடந்தது. வாங்கியவர்கள் செட்டிநாட்டார், சேலத்து ஜவுளி வியாபாரிகள், கோவை மில் குடும்பங்கள், நம்ம கவுண்டர்கள். 1961 நில உச்சவரம்புச் சட்டத்தில் தோட்டப் பயிருக்கு விலக்கு இருந்ததும் வாங்க ஒரு காரணம். வயல் வைத்திருந்தால் போகும், காப்பி வைத்திருந்தால் நிற்கும்.

இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்று: அந்த வீடு ஏன் போனது? வால்பாறையில் பழைய பங்களாக்கள் இன்னும் ஓடு மாற்றி, வெள்ளையடித்து நிற்கின்றன. அங்கே தோட்டங்கள் 1890களுக்குப் பிறகுதான் பெரிதாக எழுந்தன, எல்லாம் பெரிய தேயிலைக் கம்பெனிகள். ஒரு மேனேஜர் போனால் இன்னொரு மேனேஜர் அதே வீட்டுக்கு வருவார். ஏற்காட்டில் வாங்கிய நம்மவர்களுக்குச் சேலத்திலோ கோவையிலோ சொந்த வீடு இருந்தது. மலைக்கு மாதம் ஒரு தரம் ஜீப்பில் வந்து கணக்குப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே இறங்கிவிடுவார்கள். பதினாறு அறையை யார் பெருக்குவது? முதலில் பியானோ போகும், அப்புறம் தேக்குக் கதவு, ரோஸ்வுட் மேஜை. அப்புறம் உத்தரத்துக்காகக் கூரை ஓடுகளையே இறக்குவார்கள். ஓடு இறங்கிவிட்டால் தீர்ந்தது. அந்தச் சுவர்களில் பாதி மண் சாந்தில் கட்டிய கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு மட்டும். இரண்டு பருவமழையும் அடிக்கிற மலையில் மூன்று வருஷத்தில் சுவர் உட்கார்ந்துவிடும். புகைபோக்கி மட்டும் நிற்பதற்குக் காரணம், தீ தாங்க வேண்டும் என்று அதைச் செங்கல்லிலும் நல்ல சுண்ணாம்பிலும் கட்டியிருப்பார்கள். நம் ஆட்களுக்குக் கணப்பு அடுப்பு எதற்கும் பயன்படாது, அதனால் யாரும் அதைப் பிரித்து எடுத்துப் போகவும் இல்லை.

இடிந்துபோன வீடு மீண்டதும் உண்டு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் கட்டிய வீடு, பெத்தக்கல் பங்களா, கூரை போய்ச் செடி முளைத்துக் கிடந்தது. நீலகிரியே 1868 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் சேர்ந்ததுதான், எனவே அதையும் நம் கொங்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சீர்செய்து நினைவகம் ஆக்கினார்கள். உங்கள் பங்களாவுக்கு அப்படி நடக்காது என்றுதான் நினைக்கிறேன். கலெக்டர் பெயர் இருந்தால் அரசாங்கம் காசு போடும், மேனேஜர் பெயருக்குப் போடாது.

மறுபடி போவதாக இருந்தால் பழம் எடுப்பு முடிந்து பிப்ரவரி வாக்கில் போங்கள், புதர் குறைவாக இருக்கும். படிக்கட்டில் நின்று சுற்றிப் பாருங்கள். அராக்கேரியா, சைப்ரஸ் மரங்கள் இரண்டு வரிசையாக நின்றால் அதுதான் வண்டிப் பாதை. உண்ணிச்செடி அடர்ந்திருக்கும் இடம் பழைய பூந்தோட்ட வேலியாக இருக்கலாம். தரையில் ஓட்டுத் துண்டு கிடந்தால் புரட்டிப் பாருங்கள். மங்களூர் ஓட்டில் '1865' அல்லது '1868' என்று இருந்தால் வீடு அந்த வருஷம் கட்டியது என்று துள்ளாதீர்கள், அது ஓட்டுக் கம்பெனி தொடங்கிய வருஷம். நூறு வருஷம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே எண்தான் இருக்கும். 'பாசல் மிஷன்' என்று இருந்தால் முதல் உலகப் போருக்கு முந்தைய ஓடு, 'காமன்வெல்த்' என்று இருந்தால் பிந்தையது. போரின்போது ஜெர்மன் தொடர்பு என்று சொல்லி அந்த மிஷனின் தொழிற்சாலைகளை வெள்ளைக்கார அரசு எடுத்து வேறு கைக்குக் கொடுத்துவிட்டது. கூரை ஒரு முறை மாற்றியிருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, மலை ஏறவே வேண்டாம். அம்மாயி, அதாவது அப்பிச்சியின் மனைவி, இருக்கிறார்களா? இல்லையென்றாலும் அவர்கள் டிரங்குப் பெட்டி வீட்டில் யாரிடமாவது இருக்கும். 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது, அடுத்த சில வருஷங்களில் பி.எஃப். பிடிக்க ஆரம்பித்தார்கள். மேஸ்திரிக்குக் கொடுத்த பி.எஃப். சீட்டிலோ, போனஸ் ரசீதிலோ, செக்ரோல் (ஆள் வருகை, கூலிப் பதிவேடு) நகலிலோ தோட்டத்தின் பெயரும் முதலாளியின் பெயரும் வருஷத்தோடு இருக்கும். அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பாதி நாள் மிச்சம். கிடைத்தால் அந்தச் சீட்டையும், ஓட்டில் எழுத்து இருந்தால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள். சர்வே எண் வரை நான் சொல்லிவிடுகிறேன்.